கூண்டில் எஞ்சும் தாய்நாய்: வணிக இனப்பெருக்கமும் மும்பையின் மீட்புக் கேள்வியும்

1832 ஜூன் மாதம் பம்பாயில் நாய்களை முன்னிட்டுக் கலவரம் மூண்டது. வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்வோருக்குத் தலைக்கு எட்டணா என்று கம்பெனி அரசு கூலி வைத்திருந்தது. அந்தக் காசுக்காக வீட்டு வாசலில் கிடக்கும் நாயையும் அடித்துக் கொல்கிறார்கள் என்று பார்சிகள் திரண்டார்கள். இந்து, சமண வணிகர்களும் கடைகளை அடைத்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டாண்டு கழித்து, 1834இல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் மோதிசந்த் அமிசந்தும் முன்னின்று பூலேஷ்வரில் பாஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினார்கள். ஆதரவற்ற விலங்குக்கு ஒரு நகரம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு மும்பை தந்த பழைய பதில்களில் அதுவே பெரியது.

கேள்வி இன்னும் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. வீட்டில் செல்லமாக வளர்க்க விலைகொடுத்து வாங்கும் குட்டிக்கு ஒரு தாய் உண்டு. அந்தத் தாய் பெரும்பாலும் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. ஈத்துக்கு ஈத்து குட்டி ஈன்று, காம்புகள் தொங்கி, பல் விழுந்து, இனிச் சினைபிடிக்காது என்றானபின் அது ஏதோ ஒரு சாலையோரத்தில் விடப்படுகிறது, அல்லது மீட்புக் குழு ஒன்றின் கைக்கு வருகிறது. இந்த வணிகத்தை எப்படிக் கையாள்வது, அதிலிருந்து வந்த நாயை மறுபடி மனிதரோடு வாழவைக்க முடியுமா, மீட்பே வணிகத்துக்கு மறைமுகமாக உதவிவிடுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பல காலமாகப் பல தரப்பினர் விடை சொல்லிவருகிறார்கள். அந்த விடைகளை இக்கட்டுரை தாய்நாயின் பக்கம் நின்று எடைபோடுகிறது. குட்டியை வைத்துப் பார்க்கும்போது நன்றாகத் தோன்றும் சில தீர்வுகள் தாயை வைத்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

கொட்டகையிலிருந்து அறைக்கு

மொத்தமாக நாய்க்குட்டி உற்பத்தி செய்யும் பண்ணை அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் பரவியது. நடு மாநிலங்களில் விவசாயம் நொடித்தபோது, காசு தரும் இன்னொரு விளைச்சலாக நாய்க்குட்டி வளர்க்கும்படி உழவர்களை அரசே ஊக்குவித்தது. காலியான கோழிக் கொட்டகைகளிலும் முயல் கூண்டுகளிலும் நாய்கள் அடைக்கப்பட்டன. கம்பி வலைத் தளம், அடுக்கடுக்கான கூண்டு, நூற்றுக்கணக்கான தாய்நாய்கள் என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் படிமம் அங்கே பிறந்தது.

மும்பைக்கு அந்தப் படிமம் அப்படியே பொருந்தாது. நிலம் பொன்விலை விற்கும் ஊரில் கொட்டகை போட இடமில்லை. இங்கே வணிகம் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் வீட்டில் இரண்டு பெட்டைகள், இன்னொருவரிடம் கடுவன், இணைசேர்த்ததற்குக் கூலியாக ஒரு குட்டியோ ரொக்கமோ, நடுவில் தரகர், கடைசியில் கிராஃபோர்ட் மார்க்கெட் போன்ற இடத்தில் கடை அல்லது கைப்பேசியில் ஒரு படம். தாராவி போன்ற நெரிசலான பகுதிகளை மட்டும் இதற்குக் கைகாட்டுவது நியாயமில்லை. வாங்கும் பணம் மாட்டுங்காவின், செம்பூரின் குடியிருப்புச் சங்கங்களிலிருந்தும் வருகிறது. குளியலறையிலும் பால்கனியிலும் பெட்டை அடைபட்டுக் கிடப்பது எந்த அஞ்சல் எண்ணிலும் நடக்கக்கூடியது.

தேவை அலையலையாக எழுகிறது. 1994இல் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தின் டஃபி வெள்ளை ஸ்பிட்ஸ் நாயை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய், நாடு முழுக்க அந்த இனத்துக்குச் சந்தையை உண்டாக்கியது. மூக்கு நசுங்கிய பக் இனத்துக்கு மூச்சுத் தடை பிறவிக் கோளாறு. மும்பையின் புழுக்கத்தில் அது இரட்டிப்பாகிறது. பின்னர் மோகமாக வந்த ஹஸ்கிக்கும் இந்தப் புழுக்கம் ஒவ்வாது. ஒவ்வொரு மோகமும் அடங்கிய சில ஆண்டுகளில் அந்த இனத்து நாய்கள் காப்பக வாசல்களுக்கு வந்து சேர்கின்றன.

சட்டம் சரியாக நடந்தால் போதும் என்போர்

இந்தத் தரப்பின் வேர் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டம் வதையைக் குற்றமாக்கியது. இனப்பெருக்கத் தொழிலைத் தனியே கவனிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2015 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 261ஆவது அறிக்கையில் செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத்தையும் முறைப்படுத்தப் பரிந்துரைத்தது. 2017 மே 23 அன்று நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கடைகளுக்கான விதிகள் வந்தன.

2017 விதிகள் தாயைக் கண்டுகொண்டவை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்குப் பின் அறவே கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப், தடுப்பூசி, பதிவேடு எல்லாம் கட்டாயம். வளர்ப்பவரோடு இடைத்தரகரும் விதியின் வரையறைக்குள் வருகிறார். மும்பை போன்ற ஊருக்கு இது முக்கியம்.

பலவீனம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது தண்டனை: 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு குட்டியின் விலை பல ஆயிரம் என்னும்போது இந்தத் தொகை எவரையும் தடுக்காது. அபராதத்தைக் கூட்டும் திருத்த வரைவு ஒன்றை நடுவண் அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அது சட்டமாகாமல் நின்றுபோயிற்று. இரண்டாவது ஆய்வு: விதி பதிவுபெற்ற வளர்ப்பாளரைக் கற்பனை செய்கிறது. வீட்டில் இரண்டு பெட்டை வைத்திருப்பவர் தன்னை வளர்ப்பாளராகவே எண்ணுவதில்லை. ஐந்தாவது ஈத்தா ஏழாவது ஈத்தா என்பதைத் தாயின் உடலைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பதிவேடு வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

சட்டம் இருந்தாலும் அது தளர்த்தப்படலாம் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் சாட்சி. அங்கே 2010 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு மூலம், ஒருவர் 50 நாய்களுக்கு மேல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு நிறைவேறியது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் அந்த வரம்பை நீக்கிவிட்டது.

தடையே வழி என்போர்

முறைப்படுத்தினால் கூண்டு கொஞ்சம் பெரிதாகுமே தவிரக் கூண்டு ஒழியாது என்பது இவர்கள் வாதம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்த லூசி சட்டம் இதன் பெருவெற்றி. 2013இல் வேல்ஸ் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட கேவலியர் இனத் தாய்நாயின் பெயர் லூசி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை மூன்றாம் ஆள் விற்பதை அச்சட்டம் தடுத்தது. வாங்குபவர் குட்டியைத் தாயோடு பார்த்தே வாங்கவேண்டும். கலிபோர்னியாவில் 2019 முதல் கடைகளில் மீட்கப்பட்ட நாய்களை மட்டுமே வைக்க முடியும்.

லூசி சட்டத்தின் சிறப்பு, அது தாயைக் காட்சிக்குக் கொண்டுவந்ததுதான். கடைக்காரருக்குப் பின்னால் ஒளிந்திருந்த தாய் வாங்குபவர் கண்முன் நிற்கவேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டது பெரிய மாற்றம். ஆனால் மும்பையில் கடையை மட்டும் மூடினால், ஏற்கெனவே அறைகளில் நடக்கும் வணிகம் முழுவதும் அறைக்குள்ளேயே போய்விடக்கூடும். காட்சிக்கு நிறுத்தப்படும் தாய் உண்மையில் அந்தக் குட்டியின் தாய்தானா என்ற ஐயம் இங்கிலாந்திலும் எழுந்ததே.

இனத்தைத் தடுப்பது இன்னொரு வகை. 2024 மார்ச்சில் நடுவண் அரசு 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பித்தது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 இனங்களை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. இரண்டின் நோக்கமும் வேறு. முதலாவது மனிதரின் அச்சத்திலிருந்து வந்தது. இரண்டாவது நாயின் உடலைக் கருதியது. இரண்டாவதை ஏற்பது எளிது. ஆயினும் தடைசெய்யப்படாத லாப்ரடார் பெட்டை பால்கனியில் எட்டாவது ஈத்துக்குக் காத்திருப்பதை இந்தப் பட்டியல்கள் எவையும் தொடுவதில்லை.

நல்ல வளர்ப்பாளர் என்னும் வாதம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பும் நாய்க் கண்காட்சி வட்டாரமும் வைக்கும் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் இனங்கள் தேர்ந்த வளர்ப்பாளர் இல்லையென்றால் கலந்து அழியும். சைதாப்பேட்டையில் அரசே 1980களின் தொடக்கம் முதல் நாட்டு இன நாய்களுக்கு இனப்பெருக்க நிலையம் நடத்தியிருக்கிறது. எல்லா வளர்ப்பாளரையும் ஒரே கயிற்றில் கட்டினால் நல்லவர் விலகுவார், மறைந்து செய்பவர் நிலைப்பார் என்பது இவர்கள் எச்சரிக்கை.

இதில் உண்மை உண்டு. ஆனால் வம்சாவளிச் சான்று, பேச்சுவழக்கில் ‘பேப்பர்’, நாயின் தாத்தா பாட்டியைச் சொல்லும். அதன் தாய் எத்தனை அடிக் கூண்டில் இருந்தது என்று சொல்லாது. இனத் தூய்மைக்காக நெருங்கிய உறவில் இணைசேர்ப்பதால் வரும் நோய்களை 2022இல் வந்த ‘777 சார்லி’ படம் தமிழ்நாட்டு வீடுகள் வரை கொண்டுசேர்த்தது. அந்த லாப்ரடாரின் கதை, சட்டவிரோத வளர்ப்பாளர் ஒருவரின் கூண்டிலிருந்து அது தப்புவதில் தொடங்குகிறது.

காசு கொடுத்து மீட்கலாமா

மீட்பு வட்டாரத்துக்குள்ளேயே மிகக் கசப்பான விவாதம் இது. 2018 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஒரு புலனாய்வை வெளியிட்டது: மிசௌரியின் நாய் ஏலங்களில், மீட்புக் குழுக்களே வளர்ப்பாளர்களுக்குச் சில ஆண்டுகளில் 26 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து நாய்களை வாங்கியிருந்தன. எடுத்த ஒவ்வொரு நாயும் காப்பாற்றப்பட்டதுதான் என்பது குழுக்களின் நியாயம். பண்ணைக்குப் பயன்படாத நாய்க்கும் விலை கிடைக்கச் செய்துவிட்டீர்கள் என்பது எதிர்த்தரப்பு.

நம் ஊரில் இதன் வடிவம் வேறு. கடைக் கூண்டில் வாடிக்கிடக்கும் குட்டியைப் பார்க்கச் சகிக்காமல் வாங்கிவருவது ஒன்று. காலியான அந்தக் கூண்டுக்கு நாளை இன்னொரு குட்டி வரும். மற்றொன்று இன்னும் நுட்பமானது: வழக்குப் போடுவதில்லை என்ற புரிதலில், தேய்ந்துபோன பெட்டைகளை வளர்ப்பாளரே குழுவிடம் ஒப்படைப்பது. பணம் கைமாறவில்லை. ஆனால் முதிய நாயைப் பேணும் செலவு வளர்ப்பாளரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. இளம் பெட்டைகள் உள்ளேயே இருக்கின்றன. அந்த நாயை மறுப்பது எந்த மனிதருக்கும் கடினம். ஏற்பதற்கு நிபந்தனை வைப்பது முடியாத காரியமல்ல. எஞ்சிய பெட்டைகளுக்கும் கருத்தடை என்று எழுதி வாங்கும் குழுவையும், கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் குழுவையும் ஒரே நிலையில் வைக்க முடியாது.

மீண்ட நாய் வீட்டுநாய் ஆகுமா

ஆகாது என்ற எண்ணத்துக்கு அறிவியல் அடிப்படை 1960களில் கிடைத்தது. ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961இல் வெளியிட்ட சோதனையில், 14 வாரம் வரை மனிதத் தொடுகை இல்லாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கைப்போல் மனிதரை விட்டு ஓடின. 1965இல் ஸ்காட்டும் ஃபுல்லரும் எழுதிய நூல், மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையான பருவமே நாய் பழகும் பருவம் என்று நிலைநாட்டியது. கூண்டில் பிறந்து கூண்டிலேயே தாயான நாய்க்கு அந்தப் பருவம் வீணாகிவிட்டது.

2011இல் மெக்மில்லன், டஃபி, செர்பெல் ஆகியோரின் ஆய்வு இதை விரிவாக அளந்தது. வணிகப் பண்ணைகளில் இனப்பெருக்கத்துக்குப் பயன்பட்டு, பிறகு வீடுகளுக்குத் தத்துப்போன 1,169 நாய்களைச் சாதாரண வீட்டு நாய்களோடு ஒப்பிட்டார்கள். அச்சம், வீட்டுக்குள் அசுத்தம் செய்தல், வெறித்த பார்வை, ஒரே இடத்தில் சுற்றுதல், தொட்டால் சுருங்குதல் ஆகியவை மிகுதி. தத்து வீட்டில் வெகுநாள் கழிந்த பின்னும் இவை முழுதாக நீங்கவில்லை. கவனிக்கவேண்டியது, அந்நியரிடம் மூர்க்கம் இந்த நாய்களிடம் குறைவு. பயந்த நாய் கடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவை உறைந்து நின்றன. உறைந்து நிற்பதைச் ‘சாது’ என்று வாசித்துவிடும் ஆபத்து இங்கேதான். மூலையில் அசையாமல் படுத்திருக்கும் நாய் பழகிவிட்டது என்று நினைத்துத் தூக்கி மடியில் வைப்பவர்கள், அதன் பயத்தைக் கூட்டுகிறார்கள்.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 2013இல் நியூஜெர்சியில் சோதனையாகத் தொடங்கி, 2018இல் வட கரோலினாவில் நிலைப்படுத்திய மறுவாழ்வு மையம், மிகக் கடுமையான அச்சம் கொண்ட 441 நாய்களின் முடிவுகளை 2022இல் வெளியிட்டது. சுமார் 86 விழுக்காடு நாய்கள் பயிற்சியை முடித்துத் தத்துக்குத் தகுதிபெற்றன. முறை எளிமையானது, பொறுமையைக் கேட்பது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கு. நல்ல தீனி வைத்துவிட்டு விலகி நிற்றல். கழுத்துப்பட்டையை முதலில் முகரவிடுதல். மனிதரை நம்பும் இன்னொரு நாயைத் துணைக்கு விடுதல். தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் மனப்பதற்ற மருந்து. துணை நாய் முக்கியம் என்பதில் பலரும் உடன்படுகிறார்கள். மனிதக் கை அஞ்சத்தக்கதல்ல என்பதை அந்த நாயைப் பார்த்தே பயந்த நாய் கற்கிறது.

அந்த 86 விழுக்காட்டை மும்பைக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர், தனி அறை, அமைதி. இங்கே நாயைத் தற்காலிகமாக வைத்துப் பேணும் ஃபாஸ்டர் வீடு என்பது பெரும்பாலும் ஒற்றைப் படுக்கையறை. கம்பித் தளத்தையும் சிமெண்டுத் தரையையும் தவிர வேறு அறியாத நாய்க்கு வழுக்கும் டைல்ஸ், மாடிப்படி, லிஃப்ட் கதவு, பிரஷர் குக்கர் விசில், விநாயகர் ஊர்வலத்தின் மேளம், தீபாவளி வெடி எல்லாம் ஒரே வாரத்தில் அறிமுகமாகின்றன. கதவிடுக்கில் நழுவி ஓடினால் சாலை, ரயில் பாதை. அதனால் இங்கே அனுபவமுள்ளவர்கள் முதல் மாதங்களில் இரட்டைக் கயிறு கட்டியே வெளியே அழைத்துச்செல்லச் சொல்கிறார்கள்.

உடல் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். உண்ணிக் காய்ச்சல், சொறி, சொத்தைப் பல், கருப்பையில் சீழ், மடிக் கட்டி, இணைசேர்க்கையால் பரவும் பிறப்புறுப்புப் புற்று ஆகியவை இனப்பெருக்கப் பெட்டைகளிடம் எதிர்பார்க்கவேண்டியவை. இவற்றுள் பரவும் புற்று வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. கருப்பைச் சீழுக்குத் தாமதித்தால் உயிர் போகும். கருத்தடை மருத்துவத் தேவையும்கூட. அந்த நாய் மறுபடி எவர் கையிலும் குட்டி போடும் இயந்திரமாகாது என்பதற்கு அதுவே உறுதி.

இனப்பெருக்கக் கூண்டிலிருந்து மீண்ட நாய்களின் மறுவாழ்வுக்கு இந்தியச் சூழலில் மிக அருகில் வரும் அனுபவம் ஆய்வுக்கூட பீகிள் நாய்களுடையது. பெங்களூரின் கூபா அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட பீகிள்களைத் தொகுதி தொகுதியாக வீடுகளில் சேர்த்தது. புல்லை மிதிக்கவே தெரியாத நாய்களை ஏற்கெனவே நாய் இருக்கும் வீடுகளில் விட்டது பலன் தந்தது. வர்ஜீனியாவில் 2022இல் என்விகோ நிறுவனத்தின் இனப்பெருக்கக் கூடத்திலிருந்து ஏறத்தாழ 4,000 பீகிள்கள் வெளியே வந்தபோதும், வீடுகளைக் கண்டுபிடிப்பதில் பெரிய தடை எழவில்லை. ஆனால் பீகிள் சிறியது, அழகியது, செய்தியில் வந்தது. ஏழு வயதுப் பல்லில்லாத ராட்வைலர் பெட்டையைத் தத்தெடுக்க ஆட்கள் அப்படி முன்வருவார்களா என்பது வேறு கேள்வி.

வழக்கு முடியும் வரை

மீட்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வளர்ப்பாளரின் இடத்தைச் சோதனையிட்டு நாய்களைப் பறிமுதல் செய்யும் நாளோடு நின்றுவிடுகின்றன. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. பறிமுதலான நாய் வழக்கின் சொத்து. அதன் உரிமை பழைய உடைமையாளரிடமே இருக்கிறது. 1960 சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதைப் பறிக்கலாம், ஆனால் தண்டனைக்குப் பிறகே. 35ஆம் பிரிவும், 2017இல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளும் இடைக்காலத்தில் காப்பகத்திடம் ஒப்படைக்கவும், செலவைக் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் வசூலிக்கவும் வழி செய்கின்றன. ஏட்டில் இது நல்ல ஏற்பாடு.

நடப்பில், வழக்கு நீளும் காலம் முழுதும் அந்த நாயைத் தத்துக்கொடுக்க முடியாமல் காப்பகக் கூண்டிலேயே வைக்க நேரிடலாம். பரேலின் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையும், செம்பூரை ஒட்டிய தேவனாரில் இன் டிஃபென்ஸ் ஆஃப் அனிமல்ஸ் நடத்தும் மையமும் ஏற்கெனவே தெருநாய்ச் சிகிச்சையின் சுமையைத் தாங்குபவை. பயந்த நாய்க்கு நாள் முழுதும் குரைப்புச் சத்தம் நிறைந்த இடம் மறுவாழ்வுக்கு ஏற்றதல்ல. ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு என்பதாகவே சில நாய்களின் மீட்பு முடிகிறது. இந்த வணிகத்தைப் பற்றிய விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், திருத்தினால் மிக அதிகப் பலன் தருவதும் இந்த இடைவெளிதான் என்று இக்கட்டுரை கருதுகிறது. ஒப்படைத்த நாளிலிருந்தே ஃபாஸ்டர் வீடுகளுக்கு அனுப்ப நீதிமன்றம் அனுமதிப்பதும், உரிமையைக் கைவிட்டு எழுதிக்கொடுக்கும்படி உடைமையாளரைத் தொடக்கத்திலேயே கேட்பதும் புதிய சட்டம் தேவைப்படாத செயல்கள்.

தெருநாயின் பங்கு

மாநகராட்சியின் 2014 கணக்கெடுப்பின்படி மும்பையில் தெருநாய்கள் 95,172. இத்தனை நாய்கள் வீடின்றி இருக்கையில் சாதி நாய் மீட்புக்கு இவ்வளவு பணமும் இடமும் ஏன் என்பது வலுவான கேள்வி. தத்து முகாமுக்கு வரும் குடும்பம் லாப்ரடாரைத் தேடுகிறது. தாராவித் தெருவில் பிறந்த கறுப்புக் குட்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மீட்கப்பட்ட இன நாய்களைப் பெரிதாக விளம்பரப்படுத்துவது அதே மோகத்தை வளர்க்கிறது என்று சொல்வோர் உண்டு.

மறுபக்கமும் கேட்கத்தக்கது. தெருவில் பிறந்த நாய்க்குக் கூட்டம் உண்டு, எல்லை உண்டு, இட்லிக் கடைக்காரர் வைக்கும் மிச்சம் உண்டு. கைவிடப்பட்ட ஹஸ்கிக்கு எதுவும் இல்லை. சில நாட்களிலேயே நொடிந்துவிடும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதைவிட, இரண்டுக்கும் வேண்டிய காப்பக இடம் ஒன்றே என்பதைக் கவனிப்பது பயன்தரும். விற்பனைக்குட்டி குறைந்தால் கைவிடப்படும் நாய் குறையும். அந்த இடம் தெருநாய்ச் சிகிச்சைக்குத் திரும்பும்.

திறந்திருக்கும் கேள்விகள்

சில முடிவுகளை ஓரளவு துணிவோடு சொல்லலாம். இனப்பெருக்கக் கூண்டில் வாழ்ந்த நாய்களிடம் அச்சம் நீண்டகாலம் தங்குகிறது. பொறுமையான, ஒழுங்கான பயிற்சியில் அவற்றில் பெரும்பாலானவை மனிதரோடு வாழக் கற்கின்றன. கடைகளை மட்டும் குறிவைக்கும் சட்டம் சிதறிய வணிகத்தை எட்டாது. 50 ரூபாய் அபராதம் எதையும் தடுக்காது.

தீராதவையும் உண்டு. எந்த முன்னேற்றமும் இல்லாத சிறுபான்மை நாய்களை என்ன செய்வது என்பதில் உலக அளவில் உடன்பாடில்லை. கருணைக்கொலை, வாழ்நாள் காப்பகம் இரண்டையும் ஆதரிப்போர் உண்டு. மும்பையில் இரண்டாவதற்கு நிலம் இல்லை. நிபந்தனையோடு நாய்களை ஒப்படைக்கச் செய்வது இளம் பெட்டைகளைக் காக்கிறதா, வளர்ப்பாளரை இன்னும் ஆழமாக மறையவைக்கிறதா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. வீட்டு வளர்ப்பாளரை எட்ட விலைபோகும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போவதே வழி என்று தோன்றுகிறது: செல்ல நாய்க்கு மாநகராட்சி வழங்கும் உரிமத்தின் படிவத்தில், விற்றவரின் பதிவு எண்ணையும் தாய்நாயின் மைக்ரோசிப் எண்ணையும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் மக்கள் உரிமம் எடுப்பதையே விட்டுவிடுவார்களா, அல்லது அந்த எண் இல்லாத குட்டியை வாங்க யோசிப்பார்களா என்பதை ஒரு வார்டிலாவது சில ஆண்டுகள் செய்து பார்த்தால்தான் தெரியும்.